மெய்க்கீர்த்தியும் கணக்கேடும்: பெருந்தொழில் நிறுவனத் தலைவர் எழுதிய மூன்று நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

சோழப் பெருமன்னருள் முதலாம் இராசராசன் காலந்தொட்டுக் கல்வெட்டுக்களின் தலைப்பில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. மன்னன் வென்ற நாடுகளையும் அவன்றன் வீரத்தையும் விரித்தோதுவது அப்பகுதி. அதன்கீழ் வருவது முற்றிலும் வேறு வகையினது. இன்ன ஊர், இத்துணை நிலம், இத்துணை நெல், இன்னார் இன்ன பணி செய்யக் கடவர் என்னும் கணக்கே ஆங்குக் காணப்படும். வரலாற்றாசிரியர் மெய்க்கீர்த்தியைப் புறக்கணிப்பதில்லை. ஆட்சியாண்டைத் துணிதற்கும் போர்களின் வரன்முறையை அறிதற்கும் அது பெரிதும் துணைபுரியும். எனினும் அரசு எவ்வாறு இயங்கிற்று, மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என அறிய விழைவோர் கீழ்ப்பகுதிக்கே செல்வர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டொன்று தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் பெயராகக் குறித்து, அவரவர் குடியிருந்த தெருவினையும் கூறி, ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் பங்காக வரையறுக்கப்பட்டமையையும் தெரிவிக்கின்றது. விளக்கேற்றுவோரும் குடைபிடிப்போரும் நாவிதரும் கணக்கரும் அங்கு இடம்பெறுகின்றனர்.

நம் காலத்தில் மெய்க்கீர்த்திக்கு ஒப்பான இலக்கிய வகையொன்று தோன்றி வளர்ந்துள்ளது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் தலைவர்கள், தம் தொழிலின் அடித்தளமே பெயர்ந்த வேளையில் தாம் நிறுவனத்தை எவ்வாறு வேறு வழியிற் செலுத்தினர் எனத் தாமே எழுதும் நூல்கள் அவை. புலவரை வைத்துப் பாடுவிக்கும் வழக்கம் நீங்கி, மன்னரே பாடும் வழக்கம் வந்துளது என்று வேடிக்கையாகக் கூறலாம். இவ்வகையில் மூன்று நூல்கள் பெரிதும் பேசப்படுவன. ஐயுற்று அஞ்சுவோரே பிழைப்பர் எனப் பொருள்படும் பெயருடன் இன்ரெல் நிறுவனத்தின் அன்ட்ரூ குரோவ் 1996 இல் வெளியிட்டது ஒன்று. யானைகள் ஆடமாட்டா என்பார் யார் என வினவும் தலைப்புடன் ஐ. பி. எம். நிறுவனத்தின் லூயி கேர்ஸ்னர் 2002 இல் வெளியிட்டது மற்றொன்று. புஜிபிலிம் நிறுவனத்தின் சிகெத்தக்கா கொமொரி யப்பானிய மொழியில் எழுதி, 2015 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது மூன்றாவது. வணிகவியலும் முகாமைத்துவமும் கற்போர்க்கு இந்நூல்களின் நிகழ்ச்சிகள் நீதிக் கதைகள் போலப் புகட்டப்படுகின்றன. நீதிக்கதைக்குச் சான்று வேண்டுவதில்லை, வரலாற்றுக்கு வேண்டும். ஆதலின் இவற்றை அவ்வந் நிறுவனங்களின் கணக்கேட்டுடன் ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

மூன்றனுள்ளும் எழுத்து வன்மையிற் சிறந்தது குரோவின் நூலே. 1936 இல் புடாபெஸ்ற் நகரில் யூதக் குடியிற் பிறந்து, நாற்சியர் கொடுமையினின்றும் தப்பி, 1956 ஆம் ஆண்டு ஹங்கேரியக் கிளர்ச்சியின்பின் எல்லை கடந்து, அமெரிக்கா சென்று கல்வி பயின்று உயர்ந்தவர் அவர். அச்சத்தை ஓர் அறிவாகக் கொள்ளும் அவர் மனப்பாங்கு ஏட்டிற் கற்றதன்று. அஞ்சத் தகுவதற்கு அஞ்சுதலை அறிவுடையார் தொழிலென வள்ளுவர் கொண்டமை தமிழ் வாசகர்க்கு இங்கு நினைவிற்கு வரும். தொழிலொன்றின் அடிப்படைகள் மாறி, பழைய வழியிற் சென்றால் வீழ்ச்சியும் புதிய வழியிற் சென்றால் எழுச்சியும் நேரும் திருப்பு முனையைக் குரோவ் தம் நூலின் மையப் பொருளாகக் கொண்டார். அவர் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு அவரது நிறுவனமே.

இன்ரெல் 1968 இல் றொபேட் நொய்ஸ், கோடன் மூர் என்னும் இருவரால் தொடங்கப்பட்டது. கணனிகளுக்கான நினைவகச் சில்லுகளே அதன் முதற்பொருள். 1970 இல் வெளிவந்த 1103 என்னும் சில்லு உலகெங்கும் விலைபோயிற்று. நுண்செயலி 1971 இல் தோன்றிற்றாயினும் பல்லாண்டு காலம் அது நிறுவனத்தின் இளைய பிள்ளையாகவே கருதப்பட்டது. 1980 ஆம் ஆண்டளவில் யப்பானிய நிறுவனங்களின் நினைவகச் சில்லுகள் அமெரிக்கச் சில்லுகளிலும் பழுதிற் குறைந்தவை என்பது வெளிப்பட்டது. விலையும் சரிந்தது. 1985 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் குரோவும் மூரும் மனஞ்சோர்ந்து இருந்த வேளையில் நிகழ்ந்த உரையாடலே நூலின் உச்சக் காட்சி. தம்மிருவரையும் பணிப்பாளர் சபை நீக்கிப் புதியவர் ஒருவரை அமர்த்துமாயின் அவர் என் செய்வார் எனக் குரோவ் வினவுகின்றார். நினைவகத் தொழிலைக் கைவிடுவார் என மூர் தயங்காது விடையிறுக்கின்றார். அவ்வாறாயின் நாமே வாயிலுக்கு வெளியே சென்று மீண்டும் உள்ளே வந்து அதனைச் செய்தாலென்ன என்கிறார் குரோவ்.

நாடகப் பாங்கில் அமைந்த அழகிய காட்சி இது என்பதில் ஐயமில்லை. இருவரே பாத்திரங்கள், ஒரே களம், ஒரு வினா, ஒரு விடை. பழைய அரசன் இறந்து புதிய அரசன் பிறக்கும் கதையை, ஒருவரும் இறவாமலே நிகழ்த்திக் காட்டிய திறன் போற்றத்தக்கது. வகுப்பறைகளில் நூற்றுக்கணக்கான தடவை எடுத்துரைக்கப்படுவதும் இதுவே. ஆயின், இக்காட்சி நிகழ்ந்த அன்று இன்ரெல்லின் நினைவகத் தொழில் எந்நிலையில் இருந்தது என்று வினவுவார் சிலரே.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் பேர்கல்மன் அவ்வினாவை எழுப்பினார். 1994 இல் வெளிவந்த அவரது ஆய்வுக் கட்டுரை வாயிற் காட்சியின் பின்னணியைத் தெளிவாக்குகின்றது. சிலிக்கன் தகடுகளிலேயே சில்லுகள் ஆக்கப்படுகின்றன. தொழிற்சாலையொன்று ஒரு மாதத்தில் இத்தனை தகடுகளையே கையாள முடியும். எப்பொருளுக்கு எத்தனை தகடு என்பதே வாழ்வா சாவா என்னும் வினா. இன்ரெல்லில் இவ்வினாவுக்கு விடையளிக்க எளியதொரு விதி இருந்தது. தகடொன்றுக்குக் கிடைக்கும் மிகையிலாபம் எப்பொருளிற் கூடுதலோ அப்பொருளுக்குத் தகடு கொடுக்கப்படும். உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதிப் பிரிவினரும் மாதந்தோறும் கூடி இவ்விதிப்படி தகடுகளைப் பங்கிட்டனர். யப்பானியப் போட்டியால் நினைவகத்தின் விலை வீழ வீழ, நுண்செயலிக்குச் செல்லும் தகடுகள் மாதந்தோறும் கூடின. எவரும் நினைவகத்தைக் கைவிடுமாறு ஆணையிடவில்லை. 1984 ஆம் ஆண்டளவில் உலக நினைவகச் சந்தையில் இன்ரெல்லின் பங்கு நூற்றுக்கு இரண்டிலும் குறைந்துவிட்டது. தலைவர்கள் தொழிலை விட்டு விலகத் துணிந்தபோது எட்டுத் தொழிற்சாலைகளுள் ஒன்று மட்டுமே நினைவகம் ஆக்கிக்கொண்டிருந்தது.

அஃதாவது, வாயிலுக்கு வெளியே சென்று மீண்டு வந்தவர்கள் கண்டது, ஏறத்தாழ முன்னமே முடிந்துபோன காரியத்தை. இஃது குரோவை இழிவுபடுத்தும் செய்தியன்று. இன்னுஞ் சொல்லப்போனால் எட்டில் ஒன்று என்னும் இச்செய்தியைத் தம் நூலிலேயே மறைக்காது கூறியவர் குரோவே. மேன்முகாமையின் திட்டத்தால் அன்றி நடுநிலை முகாமையாளரின் அன்றாடத் தீர்மானங்களாலேயே இது நிகழ்ந்தது என அவர் வெளிப்படையாக ஒப்புகின்றார். பேர்கல்மனுடன் சேர்ந்து ஸ்ரான்போட்டில் வகுப்பு நடத்தியவரும் அவர். ஆகவே குறை நூலின்மேலதன்று என்றும் வாதிக்கலாம். ஒரே நூலில் மெய்க்கீர்த்தியும் உண்டு, கணக்கும் உண்டு. கற்போரும் கற்பிப்போரும் முன்னதை மனனஞ் செய்து பின்னதை மறந்தனர். எனினும், உச்சக் காட்சியை வாயிலில் அமைத்தவர் ஆசிரியர்தாம். கணக்குப் பங்கிட்ட கூட்டத்தை இரண்டொரு வாக்கியங்களில் அவர் கடந்து செல்கிறார்.

தலைவர்களின் பங்கு யாது என்பதையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். செயலால் நினைவகம் கைவிடப்பட்ட பின்னரும் சொல்லால் அது கைவிடப்படவில்லை. நினைவகமே தொழில்நுட்ப வளர்ச்சிக்கு உரைகல் என்றும், வாடிக்கையாளர்க்கு எல்லாப் பொருளும் வழங்குதல் வேண்டும் என்றும் இரு கோட்பாடுகள் சமயக் கொள்கை போல நிறுவனத்தில் நிலவின என்று குரோவ் எழுதுகின்றார். சிறந்த ஆய்வாளர் அதனாலேயே நினைவகத்தில் கட்டுண்டு கிடந்தனர். அக்கட்டை அவிழ்த்தது தலைவரின் சொல். வாடிக்கையாளரோ அச்செய்தியைக் கேட்டு வியக்கவுமில்லை. இதற்கு இத்துணைக் காலமா என்பது போலவே நடந்துகொண்டனராம். நூலில் நகைச்சுவை ததும்பும் இடம் இது. இதற்கிடையில் 1981 இல் ஐ. பி. எம். தன் தனியாள் கணனிக்கு இன்ரெல்லின் 8088 நுண்செயலியைத் தெரிந்தெடுத்திருந்தது. அத்தெரிவு இல்லையாயின் கைவிட்ட தொழிலுக்கு ஈடாகப் பற்றிக்கொள்ள யாது இருந்திருக்கும் என்பது நூல் அழுத்தமாக எழுப்பாத வினா. 1986 இல் இன்ரெல் அடைந்த நட்டம் 17 கோடி டொலருக்கு மேல்; ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

கேர்ஸ்னரின் நூல் குரோவினது போன்ற சிந்தனை நூலன்று. அதனைப் போர்க்களச் செய்தி எனலாம். வாக்கியங்கள் குறுகியவை, ஐயம் அரிது. 1993 ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் ஐ. பி. எம். தலைமையை ஏற்றபோது பலரும் நகைத்தனர். அதற்குமுன் அவர் தலைமை வகித்தது பிஸ்கற்றும் சிகரெட்டும் ஆக்கும் நிறுவனத்துக்கு. 1992 இல் ஐ. பி. எம். அடைந்த நட்டம் ஏறத்தாழ 500 கோடி டொலர். 1993 இல் 810 கோடி. முன்னிருந்த தலைமை நிறுவனத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்க ஆயத்தஞ் செய்திருந்தது. துறைதோறும் தனித்தனிச் சிறு நிறுவனங்கள் தோன்றிய காலத்தில் பேருருவே நோயென்பது அன்றைய அறிஞர் துணிபு. கேர்ஸ்னர் அதனை மறுத்தார். பல இடங்களிற் பல பொருள் வாங்கிய வாடிக்கையாளர் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி இயக்க ஆளின்றித் திண்டாடுகின்றனர். அப்பணியைச் செய்ய ஒரு பெரிய நிறுவனமே வேண்டும் என்பது அவர் கருத்து. வாடிக்கையாளர் பக்கத்தினின்று வந்தவராதலின் அது அவர்க்குப் புலப்பட்டது. நூலின் மிகச் சிறந்த தருக்கம் இதுவே. ஊர் முழுவதும் ஒரு வழி காட்ட, அவ்வழி போகாமைக்கு நெஞ்சுரம் வேண்டும். அப்புகழ் அவருக்கு உரியதே.

ஆயினும் அவர் கையிலெடுத்த கருவிகள் எங்கிருந்து வந்தன? பெருங்கணனியின் விலையைக் குறைக்க வழிசெய்த புதிய சில்லுத் தொழில்நுட்பம் அவர் வருமுன்னரே ஆய்வுகூடங்களில் உருவாகத் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளரின் கணனி நிலையத்தை முழுவதுமாகப் பொறுப்பேற்று நடத்தும் சேவைத் தொழிலும் அவ்வாறே. 1989 இல் கொடாக் நிறுவனம் தன் கணனி நிலையத்தை ஐ. பி. எம். கையில் ஒப்படைத்தமை அத்தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்பம். 1991 இல் அதற்கெனத் தனிப் பிரிவும் அமைக்கப்பட்டது. கேர்ஸ்னர் இவற்றை ஒளிக்கவில்லை; பிரிவுத் தலைவரைப் பெயர் சுட்டிப் பாராட்டவுஞ் செய்கிறார். ஆனால் பழைய ஐ. பி. எம். பற்றி அவர் தீட்டும் சித்திரம், உறங்கிக் கிடந்த ஓர் அரண்மனையினது. உறங்கிய அரண்மனையில் இவற்றைச் செய்தவர் யார் என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழாமற் போவதற்கு நடையின் விரைவே காரணம் போலும்.

பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலும் ஆட்குறைப்புச் செய்யாமை ஐ. பி. எம். நிறுவனம் பெருமையுடன் பேணிய மரபு. அம்மரபு 1993 இல் முறிந்தது. அவ்வாண்டு யூலையில் மேலும் 35,000 வேலைகள் நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 1980 களின் நடுவில் 400,000 ஆக இருந்த பணியாளர் தொகை 1994 இன் இறுதியில் ஏறத்தாழ 220,000 ஆகக் குறைந்தது. தந்தையும் மகனுமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த ஊர்கள் நியூயோர்க் மாநிலத்தில் இருந்தன. கேர்ஸ்னர் இவ்வாட்குறைப்பை வருத்தத்துடனேயே குறிப்பிடுகிறார். ஒரே தடவையில் விரைந்து செய்து முடிப்பதே மனிதத்தன்மை என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. மாதந்தோறும் அஞ்சி வாழ்தலிலும் ஒருநாள் அறிதல் நன்று. இருந்தும் நூலின் யானை ஆடியபோது தளத்தில் நின்றவர்கள் எண்ணாகவே வருகின்றனர், ஆளாக வருவதில்லை. தஞ்சைக் கல்வெட்டு 400 பேரையும் பெயர் சொல்லி எழுதியது.

நூல் 2002 இல் முடிகின்றது, கதை முடியவில்லை. எந்தச் சேவைத் தொழிலால் யானை ஆடிற்றோ அதன் பெரும்பகுதியை, முகிற்கணிமை மேலோங்கிய காலத்தில், ஐ. பி. எம். 2021 நவெம்பரில் கின்றில் என்னும் தனி நிறுவனமாகப் பிரித்து விட்டது. பிரியாமையே கேர்ஸ்னரின் பெருமை. பிரித்தமை அவர் வழித்தோன்றலின் தந்திரம். இருவரையும் சரியென்று கூறும் விரிவுரையாளரும் உளர். அவர்கள் சரியாகவும் இருக்கலாம்; ஆனால் அதன்பின் யானைக் கதையைப் பொதுவிதியாகக் கற்பித்தல் பொருந்தாது.

கொமொரியின் நூலைப் பேசுமுன் கொடாக்கைப் பற்றிய ஒரு கட்டுக்கதையை நீக்குதல் வேண்டும். எண்ணியல் ஒளிப்படம் வருவதைக் காணாது கொடாக் உறங்கிற்று. புஜிபிலிம் விழித்திருந்தது என்பர். உண்மையில் எண்ணியல் கமராவை முதன்முதல் 1975 இல் ஆக்கியவர் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்ரீவன் சசன். 10,000 படப்புள்ளிகளே கொண்ட அக்கருவி ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் எடுத்தது. அதன்பின்னரும் கொடாக் வாளாவிருக்கவில்லை. 2005 இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான எண்ணியற் கமராக்கள் கொடாக்கினுடையவை. கண்ணிருந்தும், காலிருந்தும், நடந்தும் வீழ்ந்த நிறுவனம் அது. காரணம் வேறிடத்தில் உள்ளது. படச்சுருளில் கிடைத்த இலாபம் கமராவில் கிடைக்கவில்லை. சுருளை ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாங்குவர். கமராவை ஒரு தடவை வாங்குவர். பின்னர் கைத்தொலைபேசியிலேயே கமரா புகுந்தபோது அதனையும் வாங்காராயினர்.

புஜிபிலிம் நிறுவனத்தின் இடரும் அதுவே. உலகில் வண்ணப் படச்சுருளின் விற்பனை 2000 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டிப் பின் செங்குத்தாகச் சரிந்தது. பத்தாண்டில் பத்தில் ஒரு பங்கும் எஞ்சவில்லை. மோட்டார் வண்டியே உலகில் இல்லாதொழிந்தால் வண்டி ஆக்கும் நிறுவனம் என்னாகும் என்னும் உவமையாற் கொமொரி இதனை விளக்குவார். 2000 இல் தலைவரான அவர் 2004 இல் ஐந்தாண்டுத் திட்டமொன்றை வகுத்தார். தம்மிடமுள்ள தொழில்நுட்பங்கள் யாவை என ஆய்வுப் பிரிவினர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தனர். நூலிற் சுவைமிக்க பகுதி இது. படச்சுருளின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று ஜெலற்றின். அது கொலாஜின் என்னும் புரதத்தினின்று பெறப்படுவது. மனிதத் தோலிலும் உள்ளது அதுவே. ஒளிப்படம் நிறம் மங்குவதும் தோல் முதிர்வதும் ஒட்சியேற்றத்தோடு தொடர்புடையவை. படத்தைக் காக்கக் கற்ற வேதியியல் தோற்பூச்சாக 2007 இல் விற்பனைக்கு வந்தது. சுருளின் அடித்தாளாக இருந்த மெல்லிய பிளாத்திக்குப் படலம், தட்டைத் தொலைக்காட்சித் திரைகளுக்கு இன்றியமையாத பொருளாயிற்று. 2008 இல் மருந்து நிறுவனமொன்றும் வாங்கப்பட்டது. இறந்த மரத்தின் வேரிலிருந்து வேறு மரங்கள் முளைத்த இக்கதை, மூன்று நூல்களுள்ளும் அறிவுக்கு மிகுந்த விருந்தளிப்பது.

ஆயினும் கொமொரியின் குரல் படைத்தலைவர் குரல். தலைவன் ஒருவனே தீர்மானிப்பான், பிறர் பின்தொடர்வர் என்னும் தொனி நூல் முழுதும் ஒலிக்கின்றது. கணக்கேடு வேறும் சில கூறும். எக்ஸ்கதிர்ப் படத்தை எண்ணியல் முறைக்கு மாற்றும் கருவியைப் புஜிபிலிம் 1980 களின் முற்பகுதியிலேயே விற்கத் தொடங்கிற்று. எண்ணியற் கமரா ஒன்றையும் 1988 இல் அறிமுகஞ் செய்தது. இவை முன்னைய தலைமையின் காலத்தவை. 1962 முதல் செரொக்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக நடத்திய படியெடுப்புப் பொறித் தொழிலில் தன் பங்கை 2001 இல் 75 வீதமாக உயர்த்திற்று. சுருள் சரிந்த ஆண்டுகளில் சோறிட்டது அத்தொழில். அப்படியொரு களஞ்சியம் இல்லாதவர்க்குப் படைத்தலைவன் துணிவு மட்டும் போதுமா? அந்தக் களஞ்சியத்திற்கும் விலை உண்டு. 2006 இல் ஒளிப்படத் துறையில் ஏறத்தாழ 5,000 வேலைகள் நீக்கப்பட்டன.

கொடாக்கின் ஏட்டையும் புரட்டினால் துயரம் மிகும். 1988 இல் 510 கோடி டொலருக்கு ஒரு மருந்து நிறுவனத்தை அது வாங்கிற்று. கடன் சுமை தாங்காது 1994 இல் விற்றது. அதே ஆண்டில் தன் வேதிப்பொருள் பிரிவையும் தனி நிறுவனமாகப் பிரித்தது. 2007 இல் மருத்துவப் படப் பிரிவை விற்றது. புஜிபிலிம் எவ்வெத் துறைகளிற் புகுந்து பிழைத்ததோ, ஏறத்தாழ அவ்வத் துறைகளிலிருந்தே கொடாக் வெளியேறிற்று. ஒவ்வொரு விற்பனையும் அவ்வக்காலத்தில் பங்குச் சந்தையால் மெச்சத்தக்க காரணத்துடனேயே நிகழ்ந்தது. 1980 களின் தொடக்கத்தில் றொச்செஸ்ரர் நகரில் மட்டும் கொடாக்கில் 60,000 பேர் வேலை பார்த்தனர். 2007 இல் அங்குள்ள பழைய ஆலைக் கட்டிடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2012 சனவரியில் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று; அவ்வாண்டின் இறுதியோடு ஓய்வுபெற்றோரின் மருத்துவ உதவி நின்றது. பிரித்தானியாவில் ஓய்வூதிய நிதியம் தனக்குச் சேரவேண்டிய கடனுக்கு ஈடாக 2013 இல் கொடாக்கின் இரு தொழிற்பிரிவுகளையே ஏற்கவேண்டியதாயிற்று. இத்தோல்விக்கு மெய்க்கீர்த்தி பாட ஒருவரும் முன்வரவில்லை. தோற்ற மன்னர் கல்வெட்டுப் பொறிப்பதில்லை. அதனாலேயே இவ்விலக்கிய வகை முழுவதும் வென்றோர் சாட்சியமாக உள்ளது.

இக்குறையை உணர்ந்தவர் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளேற்றன் கிறிஸ்ரென்சன். நன்கு நடத்தப்படும் நிறுவனங்கள் நன்கு நடத்தப்படுவதனாலேயே வீழ்கின்றன என அவர் 1997 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கணனித் தட்டுகளின் வரலாற்றை அடியாகக் கொண்ட அவ்வாதம், தலைவர் புகழ் பாடும் நூல்களுக்கு நல்ல மாற்று மருந்து. ஆயினும் பின்வந்தோர் கையில் அது எதற்கும் பொருந்தும் சூத்திரமாயிற்று. ஐபோன் வெல்லாது என 2007 இல் அவரே தம் கோட்பாட்டைக்கொண்டு கணித்தமை பிழைத்தது. இதற்குமேல் ஈண்டு அதனை விரித்தல் வேண்டா.

ஐபோன் மீண்டும் இன்ரெல்லுக்கே இட்டுச் செல்கின்றது. மெய்க்கீர்த்தியை விடுத்துக் கணக்கேட்டை நம்புக என்று இதுகாறும் கூறியதற்கு ஒரு தடை அங்கே எழுகின்றது. ஐபோன் வெளிவருமுன், அதற்குச் சில்லு ஆக்கித்தர முடியுமா என அப்பிள் நிறுவனம் இன்ரெல்லை அணுகிற்று. அப்போது தலைவராக இருந்த போல் ஒற்றெலினி, 2013 இல் ஓய்வு பெறும் வேளையில் அதுபற்றி வெளிப்படையாகப் பேசினார். அப்பிள் கொடுக்க இசைந்த விலை, தாம் மதிப்பிட்ட உற்பத்திச் செலவிலும் குறைந்ததாக இருந்தது. அம்மதிப்பீடு பிழையென்பதும், விற்பனை எவரும் எண்ணியதிலும் நூறு மடங்கு என்பதும் பின்னரே தெரிந்தன. தம் உள்ளம் ஏற்கச் சொன்னதாயினும் கணக்கு மறுத்தது என்பது அவர் கூற்றின் சாரம். கைக்கருவிகளுக்குரிய சில்லுப் பிரிவையும் இன்ரெல் 2006 இல் 60 கோடி டொலருக்கு விற்றிருந்தது.

தகடொன்றுக்கு மிகையிலாபம் எதிற் கூடுதல் என்று வினவிய அதே மனப்பழக்கம் இது. 1985 இல் தலைவர்களின் உள்ளம் நினைவகத்திற் பற்றுக்கொண்டிருக்கக் கணக்கு அவர்களை மீட்டது. இருபது ஆண்டு கழிந்து உள்ளம் ஒரு கதவைக் காட்டக் கணக்கு அதனைச் சாத்திற்று. விதி மாறவில்லை, இளைய பிள்ளையாக இருந்த நுண்செயலி இப்போது மூத்த பிள்ளையாகி, பெருவிலை பெற்று, வேறெப்பொருளுக்கும் தகடு கிடையாதபடி செய்துவிட்டது. இதனைக் குரோவின் திருப்புமுனைக் கோட்பாடு விளக்குமா என்றால் ஓரளவு விளக்கும். திருப்பத்தை அறியும் வழியைத் தருமா என்றால் தராது. இலாபம் வீழும் தொழிலைக் கைவிடக் கணக்கு நல்லாசான். இன்னும் பிறவாத தொழிலுக்கு அதனிடம் ஏடே இல்லை.

கைத்தொலைபேசிச் சில்லுகளைப் பெருந்தொகையாக ஆக்கியதனால் தாய்வான் ஆலைகள் நுட்பத்தில் முன்னேறின. இன்ரெல்லின் புதிய உற்பத்தி முறைகளோ ஆண்டுக்கணக்கிற் பின்தங்கின. 2020 இல் அப்பிள் தன் கணனிகளிலிருந்தும் இன்ரெல் சில்லுகளை நீக்கத் தொடங்கிற்று. 2024 ஓகஸ்ற்றில் 15,000 வேலைகள் நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் நட்டம் 1,880 கோடி டொலர். டிசெம்பரில் தலைவர் விலகினார். 2025 ஓகஸ்ற்றில் அமெரிக்க அரசே நிறுவனத்தின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை ஏற்றது. குரோவ் 2016 இலும் மூர் 2023 இலும் மறைந்தனர்.

அவர்களது வாயிற் காட்சி இன்றும் விரிவுரைகளில் எடுத்தாளப்படுகின்றது. எட்டுத் தொழிற்சாலைகளின் தகடுகளையும் மாதந்தோறும் மேசையில் இருந்து பங்கிட்டோரைப் பற்றிக் குரோவ் எழுதிய இரண்டொரு வாக்கியங்களில், அவர்களுள் ஒருவர் பெயரேனும் இல்லை.